கனவான்களின் உடன்பாடும் செல்வி வேல்ஸின் இரு பெயர்களும்

கடந்த தவக்காலத்தில் நமது பங்கின் வாசகர் வட்டத்தார் கூடிப் பழைய அமெரிக்கத் திரைப்படம் ஒன்றைப் பார்த்தோம். எலியா கசான் இயக்கத்தில் 1947ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் அக்ரிமென்ட்' என்பது அது. 'கனவான்களின் உடன்பாடு' எனத் தமிழில் கூறலாம். அதன் மூலமான லாரா இஸட். ஹாப்சனின் புதினத்தை நாம் முன்னரே படித்திருந்தோம். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், கூடியிருந்தவர்கள் ஒருமித்து, 'நல்ல படம். நல்ல மனிதர்களைப் பற்றிய படம்' என்றார்கள். அந்தப் பாராட்டிலேயே ஒரு குறை ஒளிந்திருப்பதாக நமக்குப் பட்டது. யூத வெறுப்பைப் பற்றிய கதையொன்றைப் பார்த்து முடித்தவர்கள், தம்மை நோக்கி ஒரு கேள்வியும் எழுப்பிக்கொள்ளாமல் நிம்மதியாக வீடு திரும்ப முடிகிறதென்றால், அந்தக் கதை எங்கோ ஓரிடத்தில் அவர்களை எளிதாக விட்டுவிட்டது என்றுதானே பொருள்? அந்த இடம் எதுவென்று தேடுவதே இங்கு நமது முயற்சி.

கதை சிக்கலற்றது. மனைவியை இழந்த பில் கிரீன் என்னும் எழுத்தாளன், தாயோடும் சிறு மகனோடும் நியூயார்க் நகருக்குக் குடிவருகிறான். 'ஸ்மித்ஸ் வீக்லி' என்னும் முற்போக்கு வார இதழின் ஆசிரியர் மினிஃபை, யூத வெறுப்பைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடர் எழுதுமாறு அவனைப் பணிக்கிறார். எத்தனையோ பேர் எழுதிச் சலித்த பொருளைப் புதிதாக எப்படிச் சொல்வதென்று தவிக்கும் கிரீனுக்கு ஒரு வழி தோன்றுகிறது: தானே யூதன் என்று சொல்லிக்கொண்டு சில வாரங்கள் வாழ்ந்து பார்ப்பது. அவன் கிறிஸ்தவன். எனினும் முகத்தையோ பேச்சையோ மாற்ற வேண்டிய தேவை அவனுக்கில்லை. ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும். அச்சொல் மாறியதும் உலகம் மாறுகிறது. முன்பதிவு செய்த விடுதியில் இடமில்லை என்கிறார்கள். மகனைத் தெருப்பிள்ளைகள் ஏசித் துரத்துகிறார்கள். அவன் மணக்கவிருக்கும் கேத்தியின் அன்பான முகத்திலேயே ஒரு கணம் நிழல் படிகிறது.

கிரீனாக நடித்தவர் கத்தோலிக்கரான கிரிகரி பெக். சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த துணை நடிகை என மூன்று ஆஸ்கார் விருதுகளைப் படம் பெற்றது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றில் நாம் தங்க வேண்டியதில்லை.

நூலாசிரியரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஹாப்சன் என்பது அவருடைய கணவர் வழிப் பெயர். அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் ஸமெட்கின். அவர் பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள், சமதர்மக் கொள்கையினர். கேட்போர் காதில் ஆங்கிலக் குடும்பத்துப் பெயராகவே ஒலிக்கும் 'லாரா ஹாப்சன்' என்பதற்கு நடுவே அந்த ஒற்றை 'இஸட்' எழுத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விடாமல் வைத்துக்கொண்டார். தாம் யார் என்பதை அந்த எழுத்தே காத்துவருகிறது என்பது அவர் எண்ணம். 1944ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்துப் பேராளர் ஜான் ராங்கின், வால்டர் வின்ச்செல் என்னும் யூதப் பத்திரிகையாளரை அமெரிக்கப் பேராளர் அவையிலேயே யூதர்களை இழிக்கும் கொச்சைச் சொல்லால் ஏசினார். அவையில் எவரும் எழுந்து மறுக்கவில்லை என்பதே ஹாப்சனை எழுதத் தூண்டியது. ஆக, வசை பேசியவனைவிட வாய்மூடி இருந்தவர்களைப் பற்றிய நூல் இது. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. யூதர்களுக்கு வீடு விற்பதில்லை, வேலை கொடுப்பதில்லை என்று எங்கும் எழுதி வைத்துக்கொள்ளாமல், கனவான்கள் தமக்குள் கண்ணசைவால் செய்துகொள்ளும் உடன்பாடு அது.

இனி, நம் மனத்தை உறுத்திய பாத்திரத்திற்கு வருவோம். கிரீனுக்கு உதவியாளராக அலுவலகம் அமர்த்தும் எலேன் வேல்ஸ் என்னும் இளம்பெண். படத்தில் அவள் தோன்றும் நேரம் மிகக் குறைவு. கிரீன் அவளிடம் ஒரு வேலை கொடுக்கிறான். சங்கங்களுக்கும் விடுதிகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரே கடிதத்தை இரு பெயர்களில் அனுப்பவேண்டும். ஒன்றில் கிரீன் என்று கையொப்பம், மற்றொன்றில் கிரீன்பெர்க் என்று. விடை எப்படி வரும் என்று அவளுக்கு அனுப்பும் முன்பே தெரியும். ஏனெனில் அவளே அதைச் செய்து பார்த்தவள். எஸ்டெல் வலோவ்ஸ்கி என்னும் தன் சொந்தப் பெயரில் இதே வார இதழுக்கு வேலை கேட்டு எழுதினாள். இடமில்லை என்று விடை வந்தது. எலேன் வேல்ஸ் என்று எழுதினாள், வேலை கிடைத்தது. யூத வெறுப்பைக் கண்டித்துத் தொடர் வெளியிடப் போகும் அதே முற்போக்கு அலுவலகத்தில்!

இந்த ஒரு செய்திக்குள் ஒரு முழுப் புதினமே அடங்கியிருக்கிறது. நாள்தோறும் காலையில் தன் பெயரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரும் பெண் அவள். தாயின் குரலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் மற்றொரு பெயர். இதைப் படிக்கும் நம் வாசகர்களில் சிலருக்கு இது தொலைதூரத்துச் செய்தியாக இராது. திருமுழுக்குப் பெயர் ஒன்றும் பள்ளிச் சான்றிதழ்ப் பெயர் வேறொன்றுமாக வாழ நேர்ந்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அதன் காரணங்கள் வேறு. அதைப் பிறிதொரு முறை பேசலாம்.

ஆனால் ஹாப்சனும் கசானும் இப்பெண்ணை என்ன செய்தார்கள்? இனி யூதர்களையும் வெளிப்படையாக வேலைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் அஞ்சுகிறாள். 'தகாத வகை' யூதர்கள் வந்து, இருப்பவர்களின் நிலையையும் கெடுத்துவிடுவார்கள் என்கிறாள். கிரீன் அவளைக் கடிந்துகொள்கிறான். பின்னர், அவன் உண்மையில் கிறிஸ்தவன் என்றறிந்து அவள் திகைக்கும்போது, மீண்டும் ஒரு சொற்பொழிவு. நேற்று இருந்த அதே முகம், அதே கண்கள்தாமே இன்றும் உள்ளன, ஏன் வியக்கிறாய் என்று கேட்கிறான். சொற்பொழிவில் பிழையில்லை. ஒடுக்கப்பட்டோர் தம்மை ஒடுக்குவோரின் கண்ணாலேயே தம் இனத்தாரைப் பார்க்கும் அவலத்தைக் காட்டவேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம், அதுவும் மெய்யே. எனினும், சில வாரங்கள் வேடமிட்ட ஒருவன், வாழ்நாள் முழுவதும் ஒளிந்து வாழ்பவளுக்குத் துணிவைப் பற்றிப் பாடம் நடத்துவதை நம்மால் ஏற்க இயலவில்லை. அவளுக்கு இழப்பதற்கு வேலை இருக்கிறது. அவனுக்கோ, வேடம் கலைந்தால் ஒரு புகழ்பெற்ற கட்டுரை கிடைக்கும். ஆசிரியர்கள் இந்த ஏற்றத்தாழ்வைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவளுடைய அச்சத்தைக் குணக்கேடாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நடிகர்களுக்குள்ளும் இதே கதை நடந்தது என்பது வருத்தமான வேடிக்கை. கிரீனின் யூத நண்பன் டேவாக நடித்து, படத்திலேயே மிக இயல்பாகத் தோன்றுபவர் ஜான் கார்ஃபீல்ட். அவருடைய இயற்பெயர் ஜேக்கப் ஜூலியஸ் கார்ஃபிங்கிள்.

பெயரைப் பற்றிய இந்த அச்சம் ஹாப்சனின் கற்பனையன்று. 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல், யூத மாணவர் தொகை மிகுந்துவிட்டதென்று கருதி, அதற்கு வரம்பு கட்ட முனைந்தார். 1900இல் நூற்றுக்கு 7 பேராக இருந்தவர்கள் 1922இல் 21 பேருக்கு மேலாகப் பெருகியிருந்தனர். வெளிப்படையான வரம்பைப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. ஆனால் வேறு வழிகள் இருந்தன. விண்ணப்பப் படிவத்தில் புதிய கேள்விகள் நுழைந்தன. தந்தை பிறந்த ஊர் எது? தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? உமது பெயரோ உம் தந்தையின் பெயரோ எப்போதேனும் மாற்றப்பட்டதா? பின்னர் நிழற்படம் கேட்டார்கள்; 'நற்பண்பு' என்னும் அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். யூதர் என்ற சொல் எங்கும் இல்லை. மாணவன் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் அவனுடைய பண்பை அளக்கும் கோல் கனவான்கள் கையில்தான் இருந்தது. கொலம்பியாவிலும் இதே நிலை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபைன்மன் அங்கு இடம் கிடைக்காமலேயே எம்.ஐ.டி.க்குச் சென்றார். அங்கிருந்து அவர் பிரின்ஸ்டனுக்கு மேற்படிப்புக்குச் சென்றபோது, அவரைப் பரிந்துரைத்த ஆசிரியர், அவரிடம் யூதச் சாயல் தெரியாது என்று உறுதியளிக்க வேண்டியிருந்தது. பரிந்துரைத்தவர் நல்லவர், மாணவனை உண்மையாக நேசித்தவர். நல்லவர்கள் இப்படித்தான் உதவினார்கள்.

கதையின் கண்டறிதலில் குறையில்லை என்பது இதனால் விளங்கும். குறை, அது கூறும் மருந்தில் உள்ளது. வேல்ஸின் கதையை அறிந்த ஆசிரியர் மினிஃபை கொதித்தெழுகிறார். பணியாளர் பிரிவுத் தலைவரை அழைத்து, சமயம் ஒரு பொருட்டல்ல என்று விளம்பரம் கொடுக்க ஆணையிடுகிறார். காட்சி கைதட்டலைப் பெறுகிறது. ஆனால் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். நியூயார்க் மாநிலத்தில் ஐவ்ஸ்-க்வின் சட்டம் 1945ஆம் ஆண்டு மார்ச் மாதம் கையெழுத்தாகி, அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறையில் இருந்தது. இனம், சமயம், நிறம், பிறந்த நாடு இவற்றைக் காரணமாக்கி வேலை மறுப்பதைத் தடைசெய்த முதல் மாநிலச் சட்டம் அதுவே. விண்ணப்பப் படிவத்தில் சமயம் கேட்பதையும் அது தடுத்தது. முறையீட்டை விசாரிக்க ஓர் ஆணையத்தையும் நிறுவியது. படம் வெளிவந்தபோது அச்சட்டத்திற்கு இரண்டு வயது. அதாவது, வேல்ஸுக்கு இழைக்கப்பட்டது வெறும் மனிதநேயக் குறைவன்று; சட்டமீறல். அவள் அந்த அலுவலகத்தின் கருணைக்குக் காத்திருக்க வேண்டியவளே அல்லள். ஆணையத்தின் வாசற்படி ஏறி, 'எனக்கு உரிமை உண்டு' என்று சொல்லக்கூடியவள். ஆனால் படத்தில் எவரும் அப்படி ஏறுவதில்லை. நீதி, முதலாளியின் மேசையிலிருந்து தொலைபேசி வழியாக இறங்கி வருகிறது. முதலாளி நாளை மாறினால்?

அன்றைய அமெரிக்க யூதர்களிடையே இதே விவாதம் கடுமையாக நடந்துகொண்டிருந்தது. தப்பெண்ணம் ஒரு நோய், நல்லெண்ணப் பரப்புரையால் அதனைக் குணப்படுத்தலாம் என்பது ஒரு சாரார் கருத்து. துண்டறிக்கைகள், வானொலி உரைகள், சமயங்களுக்கிடையே விருந்துகள். எதையும் இரைந்து பேசாதீர்கள். மற்றொரு சாரார், மனம் திருந்தும்வரை வயிறு காத்திராது என்றனர். அமெரிக்க யூதப் பேராயம் 1945இல் சட்டத்திற்கும் சமுதாயச் செயலுக்குமான ஒரு தனிக்குழுவை அமைத்தது. அதன் சிந்தனைச் சிற்பி அலெக்சாண்டர் பெகெலிஸ். ஒடெசாவில் பிறந்து, இத்தாலியில் சட்டம் கற்பித்து, பாசிசத்திற்குத் தப்பி 1941இல் அமெரிக்கா சேர்ந்தவர். வந்த நாட்டில் மீண்டும் மாணவராகி, கொலம்பியா சட்டக் கல்லூரியின் ஆய்விதழுக்கே தலைமை ஆசிரியரானார். வெறுப்பவனின் மனத்தைத் திருத்துவது சட்டத்தின் வேலையன்று. அவன் கையைத் தடுப்பதே அதன் வேலை என்பதுதான் இவ்வணியினரின் கொள்கைச் சுருக்கம். மேலும் அவர்கள் யூதருக்கு மட்டும் தனிக் காப்பு கேட்கவில்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்சிக்க வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைத்ததை எதிர்த்த மெண்டெஸ் வழக்கில், அவர்கள் தாமாக முன்வந்து நீதிமன்றத்தில் துணை வாதம் அளித்தார்கள். அக்குழந்தைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் குழந்தைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பெகெலிஸ் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 1946 டிசம்பரில் அயர்லாந்தின் ஷானனில் நிகழ்ந்த விமான விபத்தில் மாண்டுபோனார். ஹாப்சனின் புதினம் அப்போது ஓர் இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஒரே காலம், ஒரே நகரம், ஒரே நோய். ஆனால் புதினத்திற்குள் பெகெலிஸ் போன்ற ஒருவர் நுழைய இடமேயில்லை. அவரும் நுழைந்திருந்தால் கதை கூர்மையாகியிருக்கும் என்பது நமது துணிபு. படம் விருது பெற்ற அதே 1948ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் கல்லூரிச் சேர்க்கையில் பாகுபாட்டைத் தடைசெய்தது. நிலப் பத்திரங்களில் எழுதப்பட்ட இனவிலக்கு நிபந்தனைகளை இனி எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்சநீதிமன்றமும் அவ்வாண்டே மே மாதம் தீர்ப்புரைத்தது.

ஒன்றைமட்டும் படத்தின் சார்பில் சொல்லியாக வேண்டும். கேத்திக்கு அழகிய ஊரொன்றில் ஒரு வீடு இருக்கிறது; பூட்டிக் கிடக்கிறது. போரிலிருந்து திரும்பிய டேவுக்கு நியூயார்க்கில் வேலை உண்டு, குடும்பத்தோடு தங்க வீடில்லை. வீடின்றேல் வேலையும் இல்லை. கேத்தி தன் வீட்டைக் கொடுக்கத் தயங்குகிறாள். அவளிடம் வெறுப்பு இல்லை. ஊரார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான். இறுதிப் பகுதியில் உணவகமொன்றில் டேவிடம் அவள் மனந்திறக்கிறாள். விருந்தொன்றில் ஒருவன் யூதரை இகழ்ந்து நகைச்சுவை சொன்னானாம். அவளுக்கு அருவருப்பாக இருந்ததாம். டேவ் அமைதியாகக் கேட்பது ஒன்றே ஒன்று: அப்போது நீ என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை. அவன் விடாமல் மீண்டும் மீண்டும் அதையே கேட்கிறான். வழக்குமன்றக் குறுக்கு விசாரணையின் வலிமை அக்காட்சிக்கு உண்டு. எந்தச் சட்டமும் அந்த உணவு மேசைக்கு அழைப்பாணை அனுப்ப முடியாது. பத்திரத்தில் எழுதியதை நீதிமன்றம் அடித்துவிடலாம். எழுதாததை எப்படி அடிப்பது? அங்கே ஹாப்சன் வழக்கறிஞர்களைவிட ஆழமாகப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சிக்காகவே இப்படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஆனால் படத்தின் அடித்தளமான வேடம் என்னும் உத்தியை நினைக்கும்போது, கத்தோலிக்கராகிய நமக்கு வேறொரு முகம் குறுக்கே வருகிறது. கிரீன் ஒரு நாள், 'நான் கிறிஸ்தவன்' என்று சொல்லி விடுபடுகிறான். எடித் ஸ்டைனால் அப்படி விடுபட முடியவில்லை. அவர் 1922இல் திருமுழுக்குப் பெற்றவர். 1932 முதல் மியூன்ஸ்டர் நகரில் கல்வியியல் நிறுவனம் ஒன்றில் விரிவுரையாளர். அது கத்தோலிக்க நிறுவனம். 1933 ஏப்ரலில் யூதரை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் ஜெர்மனியில் வந்தது. நிறுவனத்துக்குத் தொல்லை நேருமே என்னும் அச்சம் எழ, அவருடைய விரிவுரைகள் அந்தக் கோடையோடு நின்றுபோயின. கதவை அடைத்தவர்கள் முரடர்கள் அல்லர், வருந்திக்கொண்டே அடைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அவர் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1942 ஆகஸ்டு 9 அன்று ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். 1998இல் திருச்சபை அவரைப் புனிதர் எனப் போற்றியது. வேலையிலிருந்து விலக்கப்பட்ட அந்தக் கோடைக்கும் ஆஷ்விட்சுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். சட்டம் இருபுறமும் கூரான வாள் என்பதையும் இங்குக் காண்கிறோம். நியூயார்க்கில் கதவைத் திறந்ததும் சட்டம். ஜெர்மனியில் அடைத்ததும் சட்டம்.

இதைப் படத்தின் குறையென்று சொல்லமாட்டோம். நம்முடைய குறையைப் பார்க்க அது வழி திறக்கிறது. அதே 1930களில் அமெரிக்காவில் வானொலி வழியே யூத வெறுப்பை வீடுதோறும் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் ஒரு கத்தோலிக்கக் குரு, மிஷிகன் மாநிலத்து அருட்பணி சார்லஸ் காஃப்லின். யூதர்மீது பழிசுமத்தப் புனையப்பட்ட பொய்நூலொன்றை 1938இல் அவருடைய இதழ் தொடராக வெளியிட்டது. பேராயர் அவரை வாயடைத்தது 1942இல்தான். இடையே 1939இல் யூத வெறுப்பை எதிர்க்கக் கத்தோலிக்கர் குழுவொன்றும் எழுந்தது என்பது ஆறுதல். ஆனால் வானொலியின் குரல் அதைவிட உரக்கக் கேட்டது.

பாடம் அவருடைய மூளையில் மட்டும் முளைத்ததன்று. பிரான்சின் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் படித்த வரலாற்றுப் பாடநூல்களின் ஆசிரியர்களில் ஒருவரான ஜூல்ஸ் ஐசக், கல்வித் துறையின் தலைமை ஆய்வாளர். விஷி அரசின் 1940ஆம் ஆண்டுச் சட்டம் யூதர் என்பதற்காக அவரைப் பணிநீக்கியது. அவருடைய மனைவியும் மகளும் ஆஷ்விட்சில் மடிந்தார்கள். அந்தத் துயரின் நடுவே அவர் நான்கு நற்செய்திகளையும் விரித்துவைத்து, கிறிஸ்தவ மறைக்கல்வி யூதரைப் பற்றிச் சொல்லிவந்தவற்றுள் எது நற்செய்தியில் உள்ளது, எது நாமாகச் சேர்த்தது என்று வரி வரியாக ஆராய்ந்தார். 'இழிவைப் போதித்தல்' என்று அதற்குப் பெயரிட்டார். 1960 ஜூன் 13 அன்று திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்துத் தம் ஆய்வை ஒப்படைத்தார். புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்த இழிசொல்லை அதே திருத்தந்தை 1959இலேயே நீக்கியிருந்தார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ சுமத்தலாகாது என அறிவித்தது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட ஓர் ஆசிரியர் திருச்சபைக்கே ஆசிரியரானார்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1964இன் குடியுரிமைச் சட்டம் வேலையிடத்தில் சமயப் பாகுபாட்டைத் தடுத்தது. ஆனால் அரசுநிதி பெறும் கல்வி நிறுவனங்களைப் பற்றிய பிரிவில் இனம், நிறம், பிறந்த நாடு என்ற மூன்றே உள்ளன, சமயம் இல்லை. யூத மாணவர் அந்த இடைவெளியில் நெடுங்காலம் நின்றார்கள். யூதர் என்போர் சமயத்தவரா இனத்தவரா என்னும் பழைய கேள்வி நீதிமன்றம் ஏறியது. 1987 மே 18 அன்று உச்சநீதிமன்றம் ஒரே நாளில் இரு தீர்ப்புகள் அளித்தது. ஒன்றில், சுவரெல்லாம் வெறுப்பு முழக்கங்கள் எழுதப்பட்ட மேரிலாந்து யூதத் தொழுகைக்கூடத்தார்க்கு, 1866ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்காட உரிமையுண்டு என்றது. மற்றொன்றில், ஈராக்கில் பிறந்த அரபுப் பேராசிரியர் ஒருவருக்கும் அவ்வகை உரிமையை ஏற்றது. அவர் வழக்குத் தொடுத்தது, நிலையான பணி மறுத்த ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின்மீது. குற்றம் நிகழ்ந்ததென்று மன்றம் சொல்லவில்லை. கேட்கும் உரிமை உண்டு என்றே சொன்னது. யூதரும் அரபியரும் ஒரே நாளில் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பதை இக்காலத்தில் நினைவுகூர்வது நல்லது.

ஏனெனில் 2023 அக்டோபருக்குப் பின் அவ்வாசலில் நெரிசல் மிகுந்துவிட்டது. யூத மாணவர் அஞ்சி நடந்த வளாகங்கள் உண்டு, அது மெய். காசாவின் துயருக்காகக் குரல் கொடுத்ததையே யூத வெறுப்பு என்று முத்திரையிட்ட இடங்களும் உண்டு, அதுவும் மெய். 2025 ஜூலையில் கொலம்பியா பல்கலைக்கழகம், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, அமெரிக்க அரசுக்கு 20 கோடி டாலரும் யூதப் பணியாளரின் முறையீடுகளுக்காக 2.1 கோடி டாலரும் தர இசைந்தது. பாதுகாப்புக் கிடைத்ததென்று மகிழ்ந்த யூதர்கள் இருந்தார்கள். நம் பெயரால் பல்கலைக்கழகத்தின் கழுத்து நெரிக்கப்படுகிறதென்று வருந்திய யூத அறிஞர்களும் இருந்தார்கள். நமது மனம் பெகெலிஸின் பக்கமே சாய்கிறது: தன் பிள்ளைக்குக் கேட்ட நீதியை மெக்சிக்கப் பிள்ளைக்கும் கேட்ட சட்டம் அது. பேராளர்கள் பெருந்தொகையைப் பேசி முடிக்கும் அறையில் வேல்ஸ்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வாசகர் வட்டத்துக்கே திரும்புவோம். 'நல்ல படம்' என்று எல்லாரும் சொல்லி முடித்தபின், மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் மெதுவாக ஒன்றைக் கேட்டார். 'நம் பாடுகளின் நாடகத்தில் யூதர் வேடம் போடும் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வளைந்த மூக்கு ஒட்டுகிறோம்? பேதுருவும் மாதாவும் யாராம்?' அறையில் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. அந்நாடகத்தின் வசனத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் நாமே. வீட்டில் பழைய கையெழுத்துப் படியை எடுத்துப் பார்த்தோம். நற்செய்தியில் 'கூட்டத்தினர்' என்று உள்ள இடங்களிலும் 'யூதர்கள்' என்று எழுதியிருக்கிறோம். அவர்கள் மேடையேறும் ஒவ்வொரு முறையும் 'கொடூரச் சிரிப்புடன்' என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பு. எண்ணிப் பார்த்ததில் அக்குறிப்பு பதினோரு இடங்களில் இருந்தது. ஒன்றும் நற்செய்தியிலிருந்து வந்ததன்று. எவர்மீதும் வெறுப்போடு எழுதியதாகவும் நினைவில்லை. வாழ்நாளில் ஒரு யூதரையும் நாம் அதுவரை கண்டதில்லை.

பதினொன்றையும் அடித்துவிட்டோம். மூக்குகள் அடங்கிய அட்டைப்பெட்டி இன்னும் கோவில் பண்டக அறையில்தான் இருக்கிறது; அதை என்ன செய்வதென்று வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவை கூடிப் பேசவிருக்கிறது.